நிறைய மாற்றிய பழைய டீசல் ஜீப்பை விற்பது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினோரு வருஷம் வைத்திருந்த 1994 மாடல் மஹிந்திரா எம்.எம். 540 ஜீப்பைப் போன வருஷம் விற்றேன். பவர் ஸ்டீயரிங், முன்னால் டிஸ்க் பிரேக், 31 அங்குல டயர், ரோல் கேஜ், மாட்டிக்கொண்ட வண்டியை இழுக்கும் வின்ச், உயர்த்திய ஸ்பிரிங் பட்டை என்று அதில் நான் கை வைக்காத இடம் குறைவு. விற்க ஏழு மாதம் ஆனது. அதற்கப்புறம் காட்பாடி, ஆற்காடு, குடியாத்தம், ஆரணி பக்கத்தில் இதே மாதிரி வண்டி வைத்திருப்பவர்கள் போன் செய்து கேட்கிறார்கள், பெரும்பாலும் ஒரே கேள்விகள். போனில் சொல்லும்போது முக்கியமான ஏதாவது ஒன்று விட்டுப்போகிறது, அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

செலவழித்த பணம் திரும்ப வருமா?

வராது. வாங்கிய விலை போக ஆறு லட்சத்துக்கு மேல் அந்த வண்டியில் போட்டிருந்தேன், மொத்தமாகக் கைக்கு வந்தது மூன்று லட்சத்து எண்பதாயிரம். வாங்க வருகிறவர் முதலில் பேப்பரைப் பார்ப்பார், அப்புறம் சேஸ், எஞ்சின், கியர் பாக்ஸ். நீங்கள் ஆசையாகப் போட்ட மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான் அவர் கண்ணில் படும். பவர் ஸ்டீயரிங்கும் நல்ல பிரேக்கும் விலையைக் கொஞ்சம் தூக்கும், ஏனென்றால் அவை இல்லாத ஜீப்பை ஓட்டிப் பார்த்தவருக்கு அதன் அருமை தெரியும். பெயிண்ட், லைட், ஸ்டிக்கர் எல்லாம் உங்கள் ரசனை. சேஸை வெட்டி ஒட்டியிருந்தாலோ, எங்கிருந்து வந்தது என்று தெரியாத எஞ்சின் உட்கார்ந்திருந்தாலோ விலை ஏறாது, இறங்கத்தான் செய்யும்.

மாற்றங்களோடு அப்படியே விற்பதா, கழற்றிவிட்டு விற்பதா?

கழற்ற முடிந்ததைக் கழற்றிவிட்டு விற்பதுதான் சரி என்று நான் உறுதியாகச் சொல்வேன். காரணம் எளிமையானது: ஆர்.சி. புக்கில் இருக்கும் வண்டியும் வாசலில் நிற்கும் வண்டியும் ஒன்றாக இருக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே அழுத்திச் சொன்னது. அதே வருஷம் வந்த திருத்தத்தில் 182ஏ என்ற பிரிவு சேர்ந்தது, அதன்படி அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். முன்னால் மாட்டும் கம்பித் தடுப்பு, அதாவது புல் பார், அனுமதியில்லாதது என்று மத்திய போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது.

எஞ்சின் நம்பர், சேஸ் நம்பர், நிறம், பாடி வகை, சீட் எண்ணிக்கை, வீல் பேஸ், எரிபொருள் என்று ஆர்.சி.யில் இருப்பதை ஒவ்வொன்றாக வண்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். என் ஜீப் பேப்பரில் வெள்ளை, வாசலில் ஆலிவ் பச்சை. நிறம் மாற்றியதை முறையாகத் தெரிவித்து ஆர்.சி.யில் ஏற்றாமல் இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறேன், விற்கும் நேரத்தில்தான் அது உறைத்தது.

அப்புறம் ஒன்று, கழற்றிய பொருளைத் தனியாக விற்றால் நல்ல விலை கிடைக்கும். வின்ச், லைட் பார், 31 அங்குல டயர் ஐந்து, அலாய் வீல் எல்லாவற்றையும் தனித்தனியாக விற்றேன். வண்டியோடு சேர்த்துக் கேட்டபோது யாரும் அதற்கென்று பத்தாயிரம்கூடக் கூட்டித் தரவில்லை, தனியாக வைத்தபோது அந்தப் பணம் பல மடங்காக வந்தது. பழைய பம்பரையும் 16 அங்குல ரிம்களையும் மாட்டுக் கொட்டகைப் பரணில் போட்டு வைத்திருந்தது அப்போது எவ்வளவு உதவியது என்று சொல்லி முடியாது. கம்பெனிப் பாகத்தை இரும்புக் கடையில் எடைக்குப் போட்டவர்கள் இப்போது அதையே தேடி அலைகிறார்கள்.

எஞ்சினையே மாற்றிவிட்டேன், ஆர்.சி.யில் பழைய நம்பர்தான் இருக்கிறது. என்ன செய்வது?

இதுதான் எல்லாவற்றிலும் கடினமான கேள்வி. நம் பக்கத்தில் இந்த ஜீப்புகள் பலவற்றில் பழைய 2112 சிசி பெஜோ டிசைன் எஞ்சினை இறக்கிவிட்டு பொலேரோவின் 2523 சிசி டி.ஐ. எஞ்சினை ஏற்றியிருப்பார்கள். உதிரி பாகம் எளிதாகக் கிடைக்கும், இழுவை அதிகம், மலை ஏறும்போது நிம்மதி. ஓட்டுவதற்கு அது நல்ல முடிவாக இருக்கலாம். ஆனால் சட்டப்படி எஞ்சின் மாற்றுவதற்குப் பதிவு அலுவலரின் ஒப்புதல் வேண்டும், ஒப்புதல் இல்லாமல் மாற்றினால் 14 நாளுக்குள் தெரிவித்தாக வேண்டும், புது நம்பர் ஆர்.சி.யில் ஏற வேண்டும்.

அந்த எஞ்சினுக்கு பில் இருக்கிறதா? எந்த வண்டியிலிருந்து எடுத்தது, அந்த வண்டியின் ஆர்.சி. முறையாக ரத்தானதா? இதற்கெல்லாம் காகிதம் இருந்தால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் நேரில் போய்ப் பேசுங்கள், அனுமதி கிடைக்குமா கிடைக்காதா என்று விற்பதற்கு முன்பே தெரிந்துவிடும். காகிதம் எதுவும் இல்லையென்றால் பழைய எஞ்சினைத் தேடிப் பிடித்துத் திரும்ப ஏற்றுவது தவிர நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை. நம்பரை அடித்து மாற்றித் தருகிறேன் என்று ஒருவர் கட்டாயம் உங்களிடம் வருவார், அவர் பக்கமே போகாதீர்கள், அது குற்ற வழக்கு. என் நண்பர் ஒருவர் பழைய எஞ்சினை ஒன்பது வருஷம் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தார், அதை மறுபடி ஏற்றி ஓடவிட்டு, டி.ஐ. எஞ்சினைத் தனியாக விற்றார். நாற்பதாயிரம் செலவு. ஆனால் வண்டி பெயர் மாற்றத்தில் எந்தத் தடையும் வரவில்லை.

எஃப்.சி., அதாவது தகுதிச் சான்று, முடிந்துவிட்டது. அப்படியே தள்ளிவிடலாமா?

தள்ளலாம், பாதி விலைக்கு. சொந்த வண்டியின் பதிவு முதலில் 15 வருஷம், அதற்குப் பின் ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும், 25ஆம் நம்பர் ஃபாரம். 2022 ஏப்ரலிலிருந்து காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய் ஆனது, 20 வருஷத்தைத் தாண்டிய வண்டிக்கு 2025 ஆகஸ்டில் அதை 10,000 ஆக்கிவிட்டார்கள். பசுமை வரி, தாமதக் கட்டணம் எல்லாம் இதற்கு மேலே. கேட்கும்போது பெரிய தொகையாகத் தெரியும், ஆனால் கையில் ஐந்து வருஷ எஃப்.சி. இருக்கும் ஜீப்புக்கும் இல்லாத ஜீப்புக்கும் விலையில் இருக்கும் இடைவெளி இதைவிடப் பெரிது. தவிர, பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைப் பார்த்து, சேஸ் நம்பரைத் தேய்த்து எடுத்து, சரி என்று சொன்ன பிறகு வாங்குகிறவருக்குப் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். நான் எஃப்.சி. காட்டிய பிறகுதான் போன்களே ஒழுங்காக வர ஆரம்பித்தன.

டெல்லி மாதிரி இங்கேயும் பழைய டீசல் வண்டிக்குத் தடை உண்டா?

டெல்லியிலும் அதைச் சுற்றியுள்ள பகுதியிலும் 10 வருஷம் தாண்டிய டீசல் வண்டிக்குக் கட்டுப்பாடு உண்டு. தமிழ்நாட்டில் சொந்த வண்டிக்கு அப்படி ஒரு வயது வரம்பு இல்லை, எஃப்.சி. கிடைக்கும்வரை ஓட்டலாம். 2023 ஏப்ரலில் வந்த 15 வருஷ விதி அரசு வண்டிகளுக்கானது. இதைச் சொல்லி விலையை அடிக்கிறவர்களிடம் பொறுமையாக விளக்குங்கள்.

விளம்பரத்தில் என்ன எழுதுவது?

உண்மையை, குறைகளோடு. நான் முதல் மூன்று மாதம் "பக்கா கண்டிஷன்" என்று போட்டுவிட்டுக் காத்திருந்தேன், வந்தவர்கள் எல்லாம் குறை கண்டுபிடிக்கவே வந்தார்கள். அப்புறம் எழுதியதை மாற்றினேன்: வலது பக்க ஃபுட் போர்டில் துரு, மூன்றாவது கியரில் லேசான சத்தம், டிரான்ஸ்ஃபர் கேஸில் (முன் பின் ஆக்சிலுக்குச் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) எண்ணெய்க் கசிவு, ஓடோமீட்டர் நம்பத் தகாதது. ஓடோமீட்டர் விஷயத்தைக் கட்டாயம் எழுதுங்கள், பெரிய டயர் போட்ட வண்டியில் அது குறைத்துத்தான் காட்டும். கம்பெனி 6.00-16 டயர் சுமார் 29 அங்குலம், அதில் 31 அங்குலம் மாட்டினால் மீட்டர் 100 கிலோமீட்டர் என்று காட்டும்போது உண்மையில் 106, 107 ஓடியிருக்கும். இத்தனையும் எழுதிய பிறகு போன் எண்ணிக்கை குறைந்தது, ஆனால் வந்தவர்கள் வாங்கும் எண்ணத்தோடு வந்தார்கள்.

படம் எடுக்க பாலமதி மலைக்கோ கோட்டை அகழிப் பக்கமோ போகிறீர்கள் என்றால் காலை ஆறரை மணிக்குள் போங்கள், வேலூர் வெயிலில் ஒன்பது மணிக்கு மேல் எடுத்த படத்தில் பெயிண்ட் வெளுத்துத் தெரியும். வண்டிக்கு அடியில் படுத்து எடுத்த படம் நாலு கட்டாயம் போடுங்கள். ஜீப் தெரிந்தவர் அதைத்தான் முதலில் திறப்பார்.

வாங்க வருகிறவர் எதையெல்லாம் பார்ப்பார்?

விவரம் தெரிந்தவர் கூடவே ஒரு மெக்கானிக்கைக் கூட்டி வருவார், அது உங்களுக்கும் நல்லது. இருபது வருஷமாக ஜீப் வேலை பார்க்கும் பாய் ஒருவர் எனக்குச் சொன்னதைச் சொல்கிறேன்: "அவரு வர்றதுக்கு முன்னாடி வண்டிய ஸ்டார்ட் பண்ணி வெக்காதீங்க சார், ஆறிப்போன எஞ்சின அவரே சாவி போட்டுப் பாக்கட்டும்." பெஜோ டிசைன் எஞ்சினில் ஹீட்டர் பிளக் வேலை செய்யாவிட்டால் குளிரில் செல்ஃப் அடித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். சூடான எஞ்சினைக் காட்டினால் எதையோ மறைக்கிறோம் என்று நினைப்பார்.

அடுத்து ஆயில் மூடியைத் திறப்பார், ஆவி குபுகுபு என்று அடித்தால் பேக் கம்ப்ரஷன், எஞ்சின் வேலை வரப்போகிறது என்று அர்த்தம். நீல நிறப் புகை வந்தால் ஆயில் எரிகிறது, ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது மட்டும் கறுப்புப் புகை வந்தால் நாசில், பம்பு, ஏர் ஃபில்டர் பக்கம் பார்க்க வேண்டும், சிறு செலவில் முடியக்கூடியது. இதை முன்கூட்டியே செய்துவிடுங்கள்.

பவர் ஸ்டீயரிங் மாற்றிய ஜீப்பில் ஸ்டீயரிங் பாக்ஸ் உட்காரும் இடத்தில் சேஸ் விரிசல் விடும், அகல டயரின் பாரமெல்லாம் அங்கேதான் போய்ச் சேரும். என் வண்டியில் விரலளவு விரிசல் இருந்தது, பட்டறையில் பிளேட் வைத்துப் பற்றவைத்து, அந்த இடத்துக்குப் பெயிண்ட் அடிக்காமல் அப்படியே விட்டேன், வருகிறவர் பார்க்கட்டும் என்று. 50, 60 வேகத்தில் ஸ்டீயரிங் உதறினால் கிங் பின் பேரிங்கும் வீல் பேலன்ஸும். இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டதும் லோ கியர் லீவர் தானாக நழுவி வெளியே வந்தால் டிரான்ஸ்ஃபர் கேஸ் தேய்ந்துவிட்டது. இவற்றில் எது இருந்தாலும் அவர் கண்டுபிடிப்பதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள்.

டெஸ்ட் டிரைவ் எங்கே கொடுப்பது? தனியாக ஓட்ட விடலாமா?

தனியாக விடக் கூடாது. லைசென்ஸைப் பாருங்கள், போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், பக்கத்து சீட்டில் உட்காருங்கள், இன்சூரன்ஸ் உயிரோடு இருக்க வேண்டும்.

நம்பிக்கையான ஆள் என்றால் நான் ஏலகிரிக்கு அழைத்துப் போவேன். மலையடிவாரத்துப் பொன்னேரியிலிருந்து மேலே 14 கொண்டை ஊசி வளைவு, ரேடியேட்டர், கிளட்ச், ஸ்டீயரிங் மூன்றுக்கும் அதைவிட நல்ல பரீட்சை நம் பக்கத்தில் இல்லை. சித்திரை வெயிலில் வண்டி மேலே ஏறி நின்று டெம்பரேச்சர் முள் நடுவிலேயே இருந்தால் நீங்கள் எதுவும் பேச வேண்டியதில்லை. இறங்கும்போது பிரேக் வாடை வருகிறதா என்பதையும் அவரே பார்த்துக்கொள்வார்.

ஃபோர் வீல் காட்டுவதற்குத் தார் ரோடு ஆகாது. இந்த ஜீப்பில் நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது, முன் பின் ஆக்சில் இரண்டும் ஒரே வேகத்தில் பூட்டிக்கொள்ளும், காய்ந்த தாரில் திருப்பினால் டயர் வழுக்க இடமில்லாமல் கிராஸும் (ஷாஃப்ட் இணைப்பு) கியரும் முறுக்கிக்கொண்டு அடி வாங்கும். மணலோ சேறோ வேண்டும். உழுது போட்ட சொந்த நிலம் போதும், முன் ஹப்பை லாக் செய்து, லோ கியரில் மெதுவாக ஒரு சுற்று. அமிர்தி பக்கமோ ஜவ்வாது மலையிலோ காப்புக் காட்டுக்குள் வண்டியை இறக்கிக் காட்டாதீர்கள். அது வனச் சட்டப்படி குற்றம். அதோடு, அந்தக் காட்டுப் பாதைகளை நம்பி வாழ்கிற மலை ஊர்க்காரர்களுக்கும் நாம் செய்கிற கெடுதல் அது.

புரோக்கர் வேண்டுமா?

சாதாரண காருக்கு உதவுவார். இந்த மாதிரி வண்டிக்கு அவருக்கும் ஆள் தெரியாது. ஜீப் வேலை பார்க்கும் பட்டறைகளில் சொல்லி வையுங்கள், என் வண்டி அப்படித்தான் போனது.

பெயர் மாற்றத்துக்கான 29, 30 ஃபாரத்தில் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார் வாங்குகிறவர். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். இந்தப் பக்கத்தை நான் எழுதியதற்கே முக்கியமான காரணம் இந்தக் கேள்விதான்.

2009இல் என் பழைய காரை இப்படித்தான் கொடுத்தேன். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார், ஒரு மாதத்தில் மாற்றிக்கொள்கிறேன் என்றார். இரண்டு வருஷம் கழித்து ஒரு விபத்து வழக்கில் என் பெயருக்கு நோட்டீஸ் வந்தது, கார் அதற்குள் மூன்று கை மாறியிருந்தது, இன்சூரன்ஸ் இல்லை. அந்த வழக்கிலிருந்து வெளியே வர நான் பட்ட பாட்டை வேறு யாரும் படக் கூடாது. வண்டியை விற்றுவிட்டாலும் ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், நஷ்ட ஈட்டுப் பொறுப்பும் அவருக்கே என்று உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தெளிவாகவே சொல்லிவிட்டது.

மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்ற வேண்டும். அவரோடு சேர்ந்து விண்ணப்பியுங்கள், விண்ணப்ப ரசீதைக் கையில் வாங்கிய பிறகு சாவியைக் கொடுங்கள். டெலிவரி கொடுத்த தேதி, நேரம், கிலோமீட்டர் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்ட காகிதம் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர் மாறியதை பரிவாகன் செயலியில் வண்டி நம்பரைப் போட்டு நீங்களே பாருங்கள்.

வாங்குகிறவர் சித்தூர்காரர், அல்லது பெங்களூர், கேரளா. என்ன வித்தியாசம்?

உங்கள் ஆர்.டி.ஓ. ஆபீஸில் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும், 28ஆம் நம்பர் ஃபாரம். பாக்கி அபராதம், வரி, லோன் எதுவும் இருக்கக் கூடாது. அங்கே போய் அவர் அந்த மாநில வரியைக் கட்ட வேண்டும், பழைய வண்டிக்கு அது எவ்வளவு வரும் என்று அவரையே விசாரித்துக்கொண்டு வரச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அட்வான்ஸ் கொடுத்த பிறகு பின்வாங்குவார். கேரளாவில் மாற்றிய வண்டிகளைப் பிடிப்பது அதிகம், அங்கே போகும் வண்டி கம்பெனி நிலையில் இருப்பது உங்கள் இருவருக்குமே நல்லது.

2019இல் வேலூர் மாவட்டத்தைப் பிரித்த பிறகு ராணிப்பேட்டைப் பக்கம் வீடு இருக்கும் பலரிடம் டி.என். 23 வண்டி இருக்கிறது. அதற்காக நம்பர் மாறாது, எந்த ஆபீஸில் விண்ணப்பம் என்பதை மட்டும் முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு போங்கள்.

ஜீப் அப்பா பெயரில் இருக்கிறது. அவர் இப்போது இல்லை.

முதலில் வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும், 31ஆம் நம்பர் ஃபாரம், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம். அண்ணன், தங்கை எல்லாரிடமும் முதலிலேயே பேசிவிடுங்கள். அப்பாவின் ஜீப் என்றால் விலையைவிட நினைவுதான் குடும்பத்தில் பெரிய பேச்சாக வரும்.

ராணுவ ஏலத்தில் எடுத்த வண்டி, கூடுதல் விலை வைக்கலாமா?

ஏலத்தில் கொடுத்த விற்பனைச் சான்று கையில் இருந்தால் வைக்கலாம். கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு ராணுவத்தில் இருந்தவர்கள் உள்ள ஊர்கள் நம் மாவட்டத்தில் உண்டு, அங்கே அந்த வண்டியின் மதிப்புத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். காகிதம் இல்லாமல் வாயால் மட்டும் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், நம்பவும் தேவையில்லை.

பணத்தை ரொக்கமாக வாங்கலாமா?

இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது, வருமான வரிச் சட்டத்தில் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் உண்டு. பேங்க் மூலமாக வாங்குங்கள். அட்வான்ஸ் வாங்கும்போதே மீதி எந்தத் தேதிக்குள், வராவிட்டால் என்ன என்பதை எழுதிக்கொள்ளுங்கள்.

இன்சூரன்ஸ், ஃபாஸ்டேக்?

வாங்கியவர் 14 நாளுக்குள் இன்சூரன்ஸைத் தன் பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும், நினைவுபடுத்துங்கள். ஃபாஸ்டேக்கை அன்றைக்கே மூடுங்கள். நான் மறந்துவிட்டேன், பள்ளிகொண்டா டோலில் என் கணக்கிலிருந்து இரண்டு முறை பணம் போனது.

யாருமே வாங்கவில்லை என்றால்?

விலையைக் குறையுங்கள், அல்லது ஒரு வருஷம் காத்திருங்கள். சேஸ் துருப்பிடித்து எஃப்.சி.க்கே தேறாது என்றால் அங்கீகாரம் பெற்ற ஸ்கிராப் மையத்தில் கொடுத்துச் சான்று வாங்கி ஆர்.சி.யை ரத்து செய்யுங்கள். ஆர்.சி. உயிரோடு இருக்கும்போதே பட்டறையில் வைத்து வெட்டி விற்றுவிடாதீர்கள், பின்னால் அந்த நம்பர் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது.

வண்டியோடு வேறு என்ன கொடுக்க வேண்டும்?

நோட்டுப் புத்தகம். மாற்றிய வண்டிக்குக் கம்பெனி கையேடு உதவாது, உங்களுக்குத் தெரிந்ததை எழுதிக் கொடுத்தால்தான் அடுத்தவர் ஓட்ட முடியும். முன் பிரேக் பேட் எந்த வண்டியுடையது, பவர் ஸ்டீயரிங் பெல்ட் என்ன அளவு, எந்த ஃபியூஸ் எதற்கு, கூடுதல் ஒயர் எந்த வழியாகப் போகிறது, கிரவுனில் (ஆக்சில் நடுவில் உள்ள பல்சக்கரப் பெட்டி) எந்த ஆயில் ஊற்றினேன், எந்தத் தேதியில். நான் நாற்பது பக்கத்துக்கு எழுதியிருந்தேன். வாங்கியவர் ஒடுகத்தூர் பக்கம் விவசாயி, மலையடிவாரத்தில் நிலம், தார்ப்பாய் ஹூட் போதும் என்றார். போன மாதம் இரவு ஒன்பது மணிக்குப் போன் செய்தார், "அண்ணா, இருபத்தி மூணாம் பக்கத்துல எழுதியிருக்கிற பெல்ட் குடியாத்தத்துல கிடைச்சிடுச்சு, போட்டுட்டேன், சத்தம் நின்னுபோச்சு" என்று.